மூன்று மணிக்கு விழித்திருந்தவன்

பதினான்கு வருஷ சர்வீஸில் கோதண்டம் வாங்கிய மெமோக்கள் அத்தனையும் ஒரே குற்றத்துக்குத்தான்: வேலை நேரத்தில் தூக்கம். கடைசி ஆறு மாதத்தில் மட்டும் நான்கு. நான்காவதோடு விசாரணை நோட்டீஸும் சேர்ந்து வந்தது. 1991 நவம்பர் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பர்சனல் ஆபீஸர் நரசிம்மன் முன்னால் வந்து நிற்க வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை போகும். திருடியவனுக்குக்கூட வேறொரு கம்பெனி வேலை கொடுத்துவிடும். தூங்கினான் என்று எழுதி அனுப்பப்பட்டவனுக்கு அந்த ட்ரங்க் ரோட்டில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

லாரிகளுக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களை அடித்துத் தரும் பிரஸ் ஷாப் அது. பென்னலூரில் கோதண்டத்தின் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிஷம். ராத்திரி ஷிப்டில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் தூங்குவார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. இரண்டரை மணிக்குள் பேய் பிடித்தமாதிரி அடித்து டார்கெட்டை முடித்துவிட்டு, ஸ்கிராப் தொட்டிகளுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, ஐந்தரை வரைக்கும் படுக்கை. ஒரே ஒரு பிரஸ்ஸை மட்டும் தகடு வைக்காமல் ஓட விடுவார்கள். அது டம், டம் என்று காற்றை அடித்துக்கொண்டிருக்கும். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கும் குவார்ட்டர்ஸில் புரண்டு படுக்கும் மேனேஜருக்கும், உற்பத்தி நடக்கிறது என்று நிம்மதி. இதற்கு ஷாப்பில் வெத்தடி என்று பெயர். புதிதாக வருபவனுக்கு மெஷினைத் தொடச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் வெத்தடியைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

கோதண்டத்தால் தொட்டி வரைக்கும் போக முடிந்ததில்லை. இரண்டரைக்கு முன்பே, நடைபாதை ஓரம் கவிழ்த்து வைத்த டிரேயில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிடுவான். சாய்ந்ததும் குறட்டை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். நடுவே திடீரென்று சத்தம் நின்றுபோகும். அரை நிமிஷம் ஒன்றுமே இருக்காது. பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவன் மாதிரி ஒரு பெரிய இழுப்பு.

சூப்பர்வைசர் பாபுவும் கண்ணாடி கேபினில் மேஜைமேல் காலைப் போட்டுத் தூங்குகிறவன்தான். ஆனால் ரவுண்டு போகிறான் என்று காட்ட அவ்வப்போது ஒரு மெமோவாவது எழுதியாக வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து சத்தம் வரும் திக்கில் நடப்பான். கோதண்டத்தை உலுக்கி, பேர் எழுதி, கையெழுத்து வாங்குவதற்குள் மற்ற பதினொரு பேரும் எழுந்து அவரவர் மெஷினில் நிற்பார்கள். சூப்பர்வைசருக்கு மெமோ கிடைத்தது, ஆட்களுக்கு நேரம் கிடைத்தது. அந்தப் பதினொரு பேரில் ஒருவனான யூனியன் செயலாளர் ராஜாமணி இதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் பிரஸ் இறங்கும்போது கோதண்டம் கண் சொருகி நின்றான். தகட்டை அடிக்கும் டை என்ற இரும்பு அச்சு விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி இறங்கியது. கம்பெனி டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். மனைவி செங்கமலம் மாத்திரையை எருமைக் கொட்டகையில் எறிந்துவிட்டு, அவனை மெட்ராஸுக்கு பஸ் ஏற்றினாள்.

அங்கே டாக்டர் மெர்சி என்று ஒரு அம்மாள். ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தவர். ஒரு ராத்திரி முழுக்க அவன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்து அவன் தூங்குவதைப் பார்த்தார். காலையில் சொன்னார்: "ஒரு மணி நேரத்துல நாற்பது தடவை உங்களுக்கு மூச்சு நிக்குது. தொண்டை அடைச்சுக்குது. ஒவ்வொரு தடவையும் மூளை உங்களை எழுப்பி விடுது. நீங்க படுக்கிறீங்களே தவிர, தூங்கறதே இல்லை."

பதினான்கு வருஷமாகத் தூங்குகிறான் என்று மெமோ வாங்கியவனுக்கு இதைக் கேட்டதும் முதலில் சிரிப்புதான் வந்தது.

வெளிநாட்டிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த மெஷின் ஒன்றைக் கொடுத்தார். சின்ன சூட்கேஸ் அளவு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாய் முனையில் மூக்கை மூடும் கவசம், தலைக்குப் பின்னால் கட்ட பட்டை. காற்றை விடாமல் மூக்குக்குள் தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்குமாம். தினமும் ஐந்து மணி நேரமாவது போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று பின்பக்கம் ஒரு மீட்டர் காட்டும். "தினமும் ஐந்து மணி நேரம் ஓடினாத்தான் மெஷின் உங்ககிட்ட இருக்கலாம்" என்றார்.

மே மாதம் ஊரில் குண்டு வெடித்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குள் பெட்டியோடு நுழைபவர்களைப் போலீஸ் லேசில் விடுவதில்லை. குழாயும் ஒயரும் வெளிநாட்டு எழுத்தும் உள்ள பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி கோதண்டத்தை இறக்கினார்கள்.

"இன்னாய்யா இது?"

"தூங்குற மெஷின் சார்."

"தூங்கறதுக்கு மெஷினா? உனக்குப் பாய் போதாதா?"

பக்கத்து டீக்கடையில் பிளக்கைச் சொருகி, கவசத்தைக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் படுத்துக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் குழாயில் வரும் காற்றை மோந்து பார்த்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஆட்களை ஒதுக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "எங்க வூட்லயும் நான் ரொம்ப கொறட்ட வுடறேன்னு சொல்றாங்க. இது எங்க கெடைக்குது?"

மெஷினோடு தூங்குவது சுலபமில்லை. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு தூங்கச் சொன்னால் எப்படியோ அப்படி. வாய் திறந்தால் மூக்கில் போன காற்று வாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியே வந்தது. முதல் நாள் பத்து நிமிஷத்தில் பிடுங்கி எறிந்தான். இரண்டாம் நாள் பதினைந்து. மூன்றாம் நாள் மூக்குத் தண்டில் தோல் உரிந்தது. போஸ்ட் ஆபீஸ் போனில் டாக்டரிடம் சொன்னான். "முதல்ல முழிச்சிருக்கும்போது போட்டுப் பழகுங்க. ஏதாவது கைவேலை செஞ்சுக்கிட்டே போட்டுக்குங்க" என்றார்.

கவசத்தைக் கட்டிக்கொண்டு வேர்க்கடலை உரிக்க உட்கார்ந்தான். தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கின. "டேய், பிள்ளையாரு மல்லாட்ட உரிக்கிறாரு டோய்!"

ஷிப்டைப் பற்றியும் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்: வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாற்றாமல் ஒரே ஷிப்டில் வைக்கவும், பகல் ஷிப்ட் நல்லது. கம்பெனி பாதியை ஏற்றுக்கொண்டது. ஒரே ஷிப்டில் வைத்தார்கள், ராத்திரி ஷிப்டில். யாரும் விரும்பாத ஷிப்டுக்கு நிரந்தரமாக ஓர் ஆள் கிடைத்தான்.

ஆக, அவன் பகலில் தூங்க வேண்டும். பகலில் பென்னலூரில் தூங்குவதற்கு இரண்டு தடைகள். முதல் தடை மனிதர்கள். மூக்கில் குழாய் செருகிப் படுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. சாத்துக்குடியும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் கண்ணயர்ந்தவன் எழுந்து, கவசத்தைக் கழற்றி, "நல்லாத்தான் கீறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல, பாவம், மறைக்கிறான் என்று தலையாட்டினார்கள்.

எதிர்வீட்டுப் பாப்பம்மாள் செங்கமலத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் மூக்கைச் சிந்தினாள். "எத்தினி நாளுன்னு சொல்லிக்கீறாங்கம்மே?"

"முப்பது வருஷம்னு சொல்லிக்கீறாங்க. எந்திரிச்சிப் போக்கா, மனுஷன் தூங்கட்டும்."

அன்றிலிருந்து செங்கமலம் வாசலில் எருமையைக் கட்டினாள். அது யாரையும் உள்ளே விடுகிற ரகம் இல்லை.

இரண்டாவது தடை கரண்ட். காலை ஒன்பது மணிக்கு வயல் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். வோல்ட்டேஜ் இறங்கி, மெஷின் ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுக்கும். பதினொன்றுக்குப் போகும் கரண்ட் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வரும். கவசத்தோடு தூங்கும்போது கரண்ட் போனால் கிணற்றில் தள்ளிவிட்டது போல மூச்சு முட்டி எழுந்திருப்பான். மீட்டரில் ஐந்து மணி நேரம் சேர்க்கக் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரைக்கும் துண்டு துண்டாகப் படுக்க வேண்டியிருந்தது. தூங்குவது அவனுக்கு இரண்டாவது வேலையாகிவிட்டது. முதல் வேலையைவிடக் கஷ்டமான வேலை.

ஆனாலும் மூன்றாவது வாரம் அது நடந்தது. ராத்திரி இரண்டரை ஆயிற்று, மூன்று ஆயிற்று, கோதண்டம் விழித்திருந்தான். கண் எரியவில்லை. தலை கனக்கவில்லை. பதினான்கு வருஷத்தில் முதல்தடவையாக மூன்று மணிக்கு ஷாப் எப்படி இருக்கும் என்று பார்த்தான். பார்க்க ஒன்றும் இல்லை. பதினொரு பேர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்கள். வெத்தடி போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி கேபினுக்குள் பாபு, கடை ஷோகேஸில் வைத்த பொம்மை மாதிரி.

பேச ஆள் இல்லை. சும்மா இருக்கவும் பழக்கமில்லை. தன் பிரஸ்ஸைத் துடைத்தான். தகடு மீதி இருந்தது. அடித்தான். விடியும்போது டார்கெட்டுக்கு மேலே இருநூறு பீஸ் நின்றது.

ராஜாமணி அதைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப் போனான்.

"யாரக் கேட்டு அடிச்ச?"

"சும்மாதானப்பா இருந்தேன்."

"நீ ஒருத்தன் எரநூறு ஏத்தினா, அந்தத் தடியன் நரசிம்மன் நாளைக்கு எல்லாருக்கும் எரநூறு ஏத்துவான். அப்பறம் எவன் தூங்குவான்? முழிச்சா முழிச்சிக்கோ. சும்மா குந்தினு முழிச்சிக்கோ."

இருநூறு பீஸையும் இரண்டு பேர் ஸ்கிராப்புக்கு அடியில் புதைத்தார்கள். அன்றைக்குப் பிறகு அவன் டிரேயில் உட்கார்ந்து விடியும்வரை வெத்தடியை எண்ணிக்கொண்டிருந்தான்.

அக்டோபர் முப்பதாம் தேதி, மூன்று பத்துக்கு, நரசிம்மனும் உதவி மேனேஜரும் சொல்லாமல் கொள்ளாமல் ரவுண்டு வந்தார்கள். குறட்டை இல்லை. வழியில் தடுத்து நிறுத்த ஒரு தூங்குமூஞ்சியும் இல்லை. டிரேயில் கோதண்டம் கேட்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வெத்தடியில் அவனுக்குக் காலடிச் சத்தம் கேட்கவில்லை. இருவரும் நேரே தொட்டிகளுக்குப் பின்னால் போனார்கள். ஐந்து பேர் இருட்டில் சுவர் ஓரமாக ஊர்ந்து தப்பினார்கள். அதில் ராஜாமணியும் ஒருவன். ஆறு பேர் மாட்டினார்கள். பாபு கேபினில் மேஜைக்குக் கீழே குனிந்து, பேனாவைத் தேடுவதாகச் சொன்னான்.

அதற்குப் பிறகு கோதண்டத்தோடு யாரும் பேசவில்லை. கேன்டீனில் அவன் உட்கார்ந்த பெஞ்ச் காலியாயிற்று. பதினான்கு வருஷம் தூங்கியபோது ஒருத்தனும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினைந்து நாள் விழித்திருந்ததற்கு இந்த மரியாதை.

விசாரணைக்கு முந்தைய நாள் ராஜாமணி பென்னலூருக்கு வந்தான். எருமையைச் சுற்றிக்கொண்டு, தள்ளி நின்றே பேசினான். விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாக யூனியன் ஆள் ஒருவர் உட்காரலாம். அது அவன்தான்.

"நாளைக்கு முப்பதாம் தேதியப் பத்திக் கேப்பாங்க. நானும் தூங்கினுதான் இருந்தேன், ஒண்ணும் பாக்கலன்னு சொல்லு. உனுக்குத்தான் வியாதி கீதே."

"வியாதி செரியாயிடுச்சின்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்துக்கீறாங்க. அதக் காட்டித்தான வேலயக் காப்பாத்தணும்? செரியான அப்பறமும் தூங்குனேன்னா, அது வியாதியில்ல, திமிருன்னு எழுதுவான்."

ராஜாமணி யோசித்தான். "அப்ப முழிச்சினு இருந்தேன், ஆனா யாரும் தூங்கலன்னு சொல்லு."

"ஆறு பேர அவனே புடிச்சிக்கீறான்."

"அப்ப இன்னாதான் சொல்லப் போற?"

கோதண்டத்துக்கும் அது தெரியவில்லை. கரண்ட் வந்துவிட்டது. உள்ளே போய்ப் படுத்தான்.

பர்சனல் ஆபீஸில் நரசிம்மன், ஒரு பக்கம் சாட்சியாக பாபு, எதிரே கோதண்டம், ராஜாமணி. நரசிம்மன் டாக்டர் சர்டிபிகேட்டை இரண்டு தடவை படித்தார். அவர் கெட்டவர் இல்லை. எந்த விஷயத்தையும் எழுத்தில் கொண்டுவந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

"முந்தி தூங்கினது வியாதியால. சரி, ஒத்துக்கறேன். இப்ப குணமாயிடுத்துங்கறே. சர்டிபிகேட்ல போட்டிருக்கற அக்டோபர் பதினைஞ்சுக்கு அப்புறம் ஒரு ராத்திரிகூடத் தூங்கலையா?"

"இல்ல சார்."

"ப்ரூவ் பண்ணணுமே. முப்பதாம் தேதி மூணு பத்துக்கு ஷாப்ல என்ன நடந்ததுன்னு சொல்லு. முழிச்சிருந்தவனுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியலைன்னா நீ முழிச்சிருக்கலை. நாங்க ஆறு பேரைப் பிடிச்சோம். வேற யார் யாரு?"

ராஜாமணி ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தை முதல்தடவையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். பாபு மேஜைமேல் இருந்த குண்டூசிகளை எண்ணினான். இரண்டு பேருடைய முகத்திலும் கோதண்டம் ஒன்றைக் கவனித்தான். நீ சொல்ல மாட்டாய் என்ற நம்பிக்கை. அதுதான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. மெமோ வாங்கப் பிறந்தவன் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

"எல்லாரும் சார்" என்றான்.

"எல்லாரும்னா?"

"பதினோரு பேரு. இதோ குந்தினு கீறாரே, இவரும்தான். அன்னிக்கி மட்டும் இல்ல, டெய்லி. ரெண்டரைக்கு டார்கெட் முடிஞ்சிடும், அஞ்சரை வரைக்கும் தூக்கம். ஒரு பிரஸ்ஸு மட்டும் தகடு இல்லாம ஓடும், உங்களுக்குச் சத்தம் கேக்கறதுக்கு. நான் வேலைக்கி வந்த நாள்லேர்ந்து இப்படித்தான். சூப்பர்வைசரும் கேபின்ல தூங்குவாரு. எனுக்கு மெமோ எழுத வேண்டிய ராத்திரி மட்டும் எந்திரிப்பாரு."

நரசிம்மனின் பேனா ‘எல்லாரும்’ என்ற வார்த்தையிலேயே நின்றிருந்தது. கொஞ்சநேரம் கழித்துத்தான் அவருக்கு முழுசாக விளங்கியது. எட்டு மணி நேரத்துக்கு வைத்த டார்கெட்டை ஐந்து மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்றால், டார்கெட் போட்ட மேனேஜர் என்ன செய்துகொண்டிருந்தார்? அந்த டார்கெட்டுக்குக் கையெழுத்து வைத்தவர்களில் தானும் ஒருவர். போன வருஷம்தான் உற்பத்திக்காக ஹெட் ஆபீஸிலிருந்து கேடயம் வந்திருந்தது. அது அவர் தலைக்குப் பின்னால்தான் தொங்கியது. பதினொரு பேரையும் சூப்பர்வைசரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினால் ராத்திரி ஷிப்டே இருக்காது.

பேனாவை மூடினார். "இதை எழுத வேண்டாம்."

"எழுதுங்க சார்" என்றான் கோதண்டம். "நீங்கதான கேட்டீங்க. எழுதினாத்தான் நான் முழிச்சினு இருந்தேன்னு ஆவும்."

"கோதண்டம்..."

"எழுதலன்னா நான் தூங்கினேன்னு ஆயிடும் சார். வேலை பூடும்."

நரசிம்மன் பாபுவை வெளியே போகச் சொன்னார். பாபு ஓடினான். டீ வந்தது. டீ தீர்வதற்குள் எல்லாம் முடிந்தது. கோதண்டத்தின் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. அந்த ஆறு பேருடைய மெமோவும் எழுத்துப் பிழை காரணமாக வாபஸ். முப்பதாம் தேதி ரவுண்டு நடந்ததற்குக் குறிப்பு எதுவும் இல்லை. ராஜாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது யூனியனின் வெற்றி என்று சொல்லலாமா என்று யோசிக்கும்போதே கோதண்டம் மறுபடி வாயைத் திறந்தான்.

"எனுக்கு ஒண்ணு வேணும் சார். வூட்ல கரண்ட் நிக்க மாட்டேங்குது. இங்க ஜெனரேட்டர் கீது. ஷிப்டு முடிஞ்சி, காலைல எட்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுல படுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமையும்."

நரசிம்மன் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "கம்பெனிக்குள்ள தூங்கினதுக்காக விசாரணை வச்சேன். முடிவுல, கம்பெனிக்குள்ள தூங்க அனுமதின்னு நானே ஆர்டர் போடணும். இதை எந்த வார்த்தையில எழுதறது?"

"ஓய்வுன்னு எழுதுங்க சார்."

ஓய்வு என்றே எழுதினார்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்ததும் கோதண்டம் சைக்கிள் கேரியரில் கொண்டுவந்திருந்த மெஷினை ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் ஸ்டூலில் வைத்துப் பிளக்கைச் சொருகினான். கரண்ட் ஆடாமல் அசையாமல் வந்தது. மெஷின் ஒரே சீராக முனகியது. கவசத்தைக் கட்டிக்கொண்டு படுத்தபோது ராஜாமணி கதவருகே வந்து நின்றான். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பேசாதவன் விசாரணைக்காக முந்தாநாள் பேசியதோடு சரி; இப்போது தானாக வந்திருந்தான்.

"எல்லாரையும் காட்டிக் குடுத்துட்ட" என்றான்.

கோதண்டம் கூரையைப் பார்த்தான்.

"செரி, வுடு. ஆனது ஆச்சி. யாருக்கும் ஒண்ணும் ஆவல." உள்ளே வந்து, மருந்து பீரோவில் சாய்ந்துகொண்டான். "பசங்கல்லாம் பேசினாங்க. இன்னிக்கி ராத்திரி படுக்கலாமா வேணாமான்னு பயந்துனு கீறாங்க. நீ எப்படியும் முழிச்சினுதான இருக்கப் போற? யாராவது வந்தா ஒரு கொரலு குடு. அவ்ளோதான். டிரேலயே குந்திக்கோ. கேட்டுப் பக்கம் மூஞ்சியத் திருப்பினு குந்திக்கோ. பாபுவும் செரின்னு சொல்லிட்டான்."

வாயைத் திறந்தால் காற்று வெளியே ஓடிவிடும். மீட்டர் ஓடும், தூக்கம் வராது. ராஜாமணிக்கு அது தெரியாது.

"இன்னா, செரியா?"

கோதண்டம் டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒருக்களித்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. அது சீராக ஏறி இறங்கியது.

"கோதண்டம்... ப்பா... தலையாவது ஆட்டேன்."

ராஜாமணி கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். தூங்கிவிட்டானா, தூங்குகிறவன் மாதிரி படுத்திருக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. ராஜாமணி போகவில்லை. ராத்திரி என்ன செய்வது என்று பதினொரு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மருந்து பீரோவின் ஓரமாகக் கிடந்த இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவன் எழுந்திருக்கும்வரை காத்திருக்க உட்கார்ந்தான். ஐந்து நிமிஷத்தில் அவனுக்கே கண் சொருகியது.